குழந்தைகளின் ஏஎல்எல் ரத்தப் புற்றுநோய்: ரிலாப்ஸ் கணிப்பு மாடலில் ஏயூசி 0.93 வருகிறது, நம்பலாமா?

தரவுக்காரன்

வணக்கம் நண்பர்களே. குழந்தைகளுக்கு வரும் ஏஎல்எல் வகை லுக்கீமியாவில் (லிம்போசைட் என்ற வெள்ளணு வகையில் தோன்றும் தீவிர ரத்தப் புற்றுநோய்) யாருக்கு நோய் திரும்பும் (ரிலாப்ஸ்) என்று கணிக்க ஒரு மாடல் செய்துகொண்டிருக்கிறேன். மூன்று மையங்களின் பதிவேடுகளைச் சேர்த்ததில் 380 குழந்தைகள், அவர்களில் 46 பேருக்கு ரிலாப்ஸ். மொத்தம் 34 நெடுவரிசைகள்: வயது, முதல் நாள் வெள்ளணு எண்ணிக்கை, பி வகையா டி வகையா, குரோமோசோம் முடிவுகள், தண்டுவட நீர் நிலை, 8-ஆம் நாள் ப்ளாஸ்ட் (புற்று செல்) எண்ணிக்கை, 29-ஆம் நாள் எம்ஆர்டி (சிகிச்சைக்குப் பிறகும் மிஞ்சியிருக்கும் புற்று செல்களின் அளவு), 12-ஆம் வார எம்ஆர்டி, ஒதுக்கிய சிகிச்சைப் பிரிவு, பராமரிப்புக் கட்டத்தில் கொடுத்த மொத்த மெர்காப்டோப்யூரின், மொத்த தண்டுவட ஊசிகள் இப்படி.

80-20 ஆகப் பிரித்து (80% கற்க, 20% சோதிக்க) ரேண்டம் ஃபாரஸ்ட் என்ற கணிப்பு முறையை ஓட்டினேன். ஏயூசி (திரும்புவோரைத் திரும்பாதோரிடமிருந்து பிரிக்கும் திறன்; 0.5 என்றால் குருட்டு யூகம், 1 என்றால் முழுச் சரி) 0.93. சந்தோஷப்படுவதா பயப்படுவதா தெரியவில்லை. சந்தேகங்கள் இவை:

1. முக்கியத்துவப் பட்டியலில் மெர்காப்டோப்யூரின் மொத்த அளவு முதலிடம், எம்ஆர்டி ஐந்தாவது இடம். படித்ததெல்லாம் எம்ஆர்டிதான் எல்லாவற்றையும்விடப் பெரிய காரணி என்கிறது. எங்கே இடிக்கிறது?

2. ரிலாப்ஸை மட்டும் கணிப்பதா, மரணத்தையும் சேர்த்து 'நிகழ்வு' என்று எடுப்பதா?

3. எம்ஆர்டி வரிசையில் பாதிக்கு மேல் 'நெகட்டிவ்' என்று எழுத்தில் இருக்கிறது. பூஜ்யம் என்று போட்டுவிடலாமா?

---

நிகழ்தகவு

பயப்படுங்கள். முதல் கேள்வியிலேயே விடையும் இருக்கிறது.

மெர்காப்டோப்யூரின் மொத்த அளவு என்பது அந்தக் குழந்தை எத்தனை மாதம் பராமரிப்புக் கட்டத்தில் இருந்தது என்பதற்கு இன்னொரு பெயர். 14-ஆம் மாதம் நோய் திரும்பிய குழந்தைக்கு அந்த மாத்திரை அன்றோடு நின்றுவிடும். திரும்பாத குழந்தை சிகிச்சை முடியும்வரை விழுங்கும். மருந்து குறைந்ததால் நோய் வந்தது என்று மாடல் சொல்வதுபோலத் தெரியும், நடந்தது தலைகீழ். தண்டுவட ஊசிகளின் கூட்டுத்தொகையும் இதே கதைதான். இவை இரண்டும் விடைத்தாளைக் கேள்வித்தாளோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்த மாதிரி.

எந்த நாளில் நின்றுகொண்டு கணிக்கிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நோய் உறுதியான நாளா, 29-ஆம் நாளா, 12-ஆம் வாரமா? ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் 'இது தெரியவரும் நாள்' என்று ஒரு எண்ணை எழுதி வையுங்கள். நிற்கும் நாளுக்குப் பிறகு தெரியவருவது எதுவானாலும் வெளியே. 29-ஆம் நாள் மாடல் என்றால், அதற்கு முன்பே இறந்துபோன குழந்தைகளும் அந்த மாடலில் வரமாட்டார்கள். கடிகாரம் 29-ஆம் நாளில்தான் ஓடத் தொடங்கும். இதைச் செய்யாமல் நோய் உறுதியான நாளிலிருந்தே காலத்தை எண்ணினால், எம்ஆர்டி அளக்கும்வரை உயிரோடு இருந்ததையே ஒரு நல்ல குறியாக மாடல் எடுத்துக்கொள்ளும்.

அடுத்தது, நீங்கள் சொல்லாத ஒன்று. 'ரிலாப்ஸ் இல்லை' என்று குறித்த 334 பேரில் போன வருடம் சேர்ந்தவர்கள் எத்தனை பேர்? சிகிச்சையே இரண்டு, இரண்டரை வருடம் போகும். சிகிச்சை முடிந்து ஆறு மாதத்துக்குப் பிறகு வருவதைத்தான் பிஎஃப்எம் என்ற ஜெர்மன் ஆய்வுக்குழுவின் வரையறையில் 'தாமத ரிலாப்ஸ்' என்கிறார்கள். எட்டு மாதமே பின்தொடர்ந்த குழந்தைக்கு 0 என்று போட்டால் அது பொய்த் தகவல். ஆம்/இல்லை வகைப்படுத்தலை விட்டுவிட்டு, பின்தொடர்ந்த கால அளவைக் கணக்கில் எடுக்கும் காக்ஸ் போன்ற முறைக்கு வாருங்கள்.

மூன்றாவது, எண்ணிக்கை. 380-ல் 20% என்றால் 76 குழந்தைகள், அதில் ரிலாப்ஸ் சுமார் 9. ஒன்பது நிகழ்வை வைத்து அளந்த ஏயூசி 0.80 என்றே வைத்துக்கொண்டாலும், 95% நம்பிக்கை இடைவெளி ஏறத்தாழ 0.62 முதல் 0.98 வரை விரிந்து கிடக்கும். இன்னொரு ரேண்டம் விதை போட்டால் வேறு எண் வரும், போட்டுப் பாருங்கள். இத்தனை சின்னத் தரவை 80-20 என்று வெட்டுவது வீண். முழுத் தரவிலும் மாடலைக் கட்டி, 500 முறை பூட்ஸ்ட்ராப் செய்து (அதே தரவிலிருந்து திரும்பத் திரும்ப மாதிரி எடுத்து ஓட்டி), மிகை நம்பிக்கை எவ்வளவு என்று கணக்கிட்டுக் கழியுங்கள். பழைய கட்டைவிரல் விதிப்படி ஒரு காரணிக்குப் பத்து நிகழ்வு. உங்களிடம் இருப்பது 46. ஆக நான்கு காரணிகள், காரணிகளின் எடையைச் சுருக்கும் ரிட்ஜ் போன்ற கட்டுப்பாடு போட்டால் ஐந்தாறு. 34 என்பது ஆசை.

---

மஜ்ஜை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சேர்க்காதீர்கள். காரணம் புள்ளியியல் இல்லை, மருத்துவம். ரிலாப்ஸ் அபாயம் அதிகம் என்றால் மருந்தைக் கூட்டுவோம். தொற்றால் இறக்கும் அபாயம் அதிகம் என்றால் மருந்தைக் குறைப்போம், காவலைக் கூட்டுவோம். இரண்டையும் ஒரே 'நிகழ்வு' ஆக்கி '30% அபாயம்' என்று மாடல் சொன்னால் வார்டில் இருப்பவர் எந்தப் பக்கம் திரும்புவார்? டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளை எடுத்துப் பாருங்கள்: அவர்களுக்கு மருந்தின் நச்சுத்தன்மையால் வரும் மரணம் மற்றக் குழந்தைகளைவிட அதிகம். அவர்களைக் கூட்டு அபாயத்தின் பெயரில் தீவிரப் பிரிவுக்குத் தள்ளினால் மாடலே ஆளைக் கொன்றுவிடும். ரிலாப்ஸுக்கு ஒன்று, ரெமிஷனில் (நோய் அடங்கிய நிலையில்) நேரும் மரணத்துக்கு ஒன்று என்று போட்டிபோடும் அபாயங்களாகத் தனித்தனியே வையுங்கள்.

'ஒதுக்கிய சிகிச்சைப் பிரிவு' என்ற வரிசை இன்னொரு குழி. அது வயது, வெள்ளணு, எம்ஆர்டி எல்லாவற்றையும் பார்த்து மருத்துவர் எடுத்த முடிவு. தீவிர சிகிச்சை பெற்றவர்களுக்கு ரிலாப்ஸ் அதிகம் என்று மாடல் காட்டும். அதைப் படித்துவிட்டு 'தீவிர சிகிச்சை கெடுதல்' என்று யாராவது எழுதுவார்கள்; எழுதியும் இருக்கிறார்கள்.

ஒரு காரணியின் கெட்ட பெயர் அன்றைய சிகிச்சையோடு ஒட்டியது. பிசிஆர்-ஏபிஎல்1 இணைவு, அதாவது பிலடெல்பியா குரோமோசோம், ஒரு காலத்தில் மிக மோசமான குறி. கீமோவோடு, அந்த இணைவின் புரதத்தை முடக்கும் இமாட்டினிப் மருந்தைத் தொடர்ந்து கொடுத்த சிஓஜி என்ற குழந்தைப் புற்றுநோய் ஆய்வுக்குழுவின் ஆய்வு 2009-ல் வெளியானது: மூன்று வருட நிகழ்வற்ற பிழைப்பு 80%, அதற்கு முந்தைய குழந்தைகளில் 35%. மரபணு அதேதான், மருந்துதான் மாறியது. மறுபக்கம், சாதாரண அபாயப் பிரிவிலேயே ப்ளினாடுமோமாப் என்ற நோயெதிர்ப்பு வழி மருந்தைச் சேர்த்துப் பார்த்த ஏஏஎல்எல்1731 ஆய்வில் மூன்று வருட நோயற்ற பிழைப்பு 87.9%-லிருந்து 96% ஆனது. அந்த மருந்து வந்த பிறகு சேர்ந்த குழந்தைகளுக்குப் பழைய தரவில் கட்டிய மாடலைப் போட்டால் அபாயத்தை ஊதிக் காட்டும். சேர்ந்த வருடத்தையும் நெறிமுறையின் பெயரையும் தரவில் வையுங்கள், குறைந்தபட்சம் பிரித்துப் பார்க்கவாவது.

இனி நெடுவரிசைகளைத் துப்புரவு செய்வது. என்சிஐ (அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம்) வரையறை 1 வயது முதல் 10 வயது நிரம்பும் முன்வரை, வெள்ளணு மைக்ரோலிட்டருக்கு 50,000-க்குக் கீழ் என்றால் சாதாரண அபாயம். மற்றவை அதிக அபாயம். ஒரு வயதுக்குக் கீழே தனி உலகம், அங்கே பெரும்பாலும் கேஎம்டி2ஏ மறுசீரமைப்பு. அவர்களை இந்த மாடலிலிருந்து எடுத்துவிடுவதே நல்லது. வயதைப் பிறந்த தேதியிலிருந்து கணக்கிடுங்கள், 'நிரம்பிய வயது' வரிசையை நம்ப வேண்டாம். வெள்ளணுவில் 48 என்றும் 48,000 என்றும் கலந்து கிடக்கும், மூன்று மையம் என்கிறீர்களே, கட்டாயம் கிடக்கும். அதைவிட முக்கியம்: அந்த எண் ஸ்டீராய்டுக்கு முன் எடுத்ததா? மூட்டுவலி என்றோ இளைப்பு என்றோ எண்ணி வெளியே யாராவது பிரெட்னிசலோன் கொடுத்திருந்தால், 90,000 இருந்தது வந்து சேரும்போது 20,000 ஆகியிருக்கும். அந்தக் குழந்தைக்கு 8-ஆம் நாள் ப்ளாஸ்ட் 1,000-க்குக் கீழ் என்பதும் அர்த்தமற்றது. 'முன்பே ஸ்டீராய்டு' என்று ஒரு ஆம்/இல்லை வரிசை திறந்து, பழைய சீட்டுகளைப் புரட்டி நிரப்புங்கள்.

தண்டுவட நீரிலும் ஒரு வழக்கமான தவறு உண்டு. ஊசி குத்தும்போது ரத்தம் கலந்த மாதிரியை சிஎன்எஸ்3 (மூளை, தண்டுவடத்தில் நோய் உறுதி) என்று பதிந்துவிடுவார்கள். உதாரணமாக நீரில் வெள்ளணு 12, சிவப்பணு 3,000, ப்ளாஸ்ட் தெரிகிறது. ரத்தத்தில் வெள்ளணு 40,000, சிவப்பணு 30 லட்சம். நீரில் விகிதம் 0.004, ரத்தத்தில் 0.0133, அதன் இரு மடங்கு 0.0267. நீரின் விகிதம் இரு மடங்கைத் தாண்டவில்லை என்பதால் ரத்தக் கலப்பாக எடுத்து, மூளை நரம்பு வாதம் போன்ற அறிகுறியும் இல்லையென்றால், சிஎன்எஸ்2 (ப்ளாஸ்ட் தெரிந்தாலும் நோய் உறுதியில்லை) என்று பதிய வேண்டும்.

மரபணுவை 12 தனி வரிசையாக வைக்காமல் மூன்று கட்டாக்குங்கள். ஈடிவி6-ரன்எக்ஸ்1 இணைவு, 50-க்கு மேல் குரோமோசோம் உள்ள ஹைப்பர்டிப்ளாயிடி இரண்டும் நல்ல கட்டு. கேஎம்டி2ஏ, 44-க்குக் கீழான ஹைப்போடிப்ளாயிடி, ஐஏஎம்பி21, டிசிஎஃப்3-எச்எல்எஃப் கெட்ட கட்டு. மற்றவை நடு. பிலடெல்பியாக்காரர்களுக்கு மருந்தே வேறு என்பதால் தனியே எடுத்துவிடுங்கள். ஹைப்போடிப்ளாயிடி சிலநேரம் இரட்டித்து ஹைப்பர்டிப்ளாயிடி வேஷம் போடும். 60, 70 குரோமோசோம் என்று வந்தால் எந்தெந்தக் குரோமோசோம் கூடியிருக்கிறது என்று பார்க்காமல் நல்ல கட்டில் போடாதீர்கள். 4-ம் 10-ம் மூன்றாக இருந்தால் நிம்மதி.

---

ஓட்டமானி

மூன்றாவது கேள்வி என் மேசைக்கு வருவது. பூஜ்யம் போடாதீர்கள். 'நெகட்டிவ்' என்பது எண் இல்லை. 'இந்த அளவுக்குக் கீழே எனக்குக் கண் தெரியவில்லை' என்ற வாக்குமூலம். கண் எவ்வளவு தெரியும் என்பது மையத்துக்கு மையம் வேறு. ஃப்ளோவில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் வழியே ஓட்டி எண்ணும் முறை) 0.01% என்று உறுதியாக எழுத, ஒரே கொத்தாக 50 செல் வேண்டும் என்று வைத்தால் 5 லட்சம் செல்லாவது ஓடியிருக்க வேண்டும். 80,000 செல் மட்டும் ஓட்டிவிட்டு 'நெகட்டிவ்' என்று எழுதிய அறிக்கை, 50 செல் கணக்கில் 0.06%-க்குக் கீழே எதையும் உறுதியாகச் சொல்ல முடியாத அறிக்கை. ஒவ்வொரு அறிக்கையிலும் மொத்தம் ஓடிய செல் எண்ணிக்கையை எடுத்து எழுதுங்கள். மரபணு வழியாகத் தேடும் முறைகளில் பிசிஆர் சாதாரணமாக ஒரு லட்சத்தில் ஒன்று வரை போகும், என்ஜிஎஸ் பத்து லட்சத்தில் ஒன்று வரை. மூன்றையும் ஒரே வரிசையில் கலந்தால் வரிசை கெட்டது. நெகட்டிவ் எல்லாம் 'இந்த எல்லைக்குக் கீழ்' என்ற இடப்பக்கத் தணிக்கை மதிப்பாக, லாக் அளவில் போகட்டும்.

வகுக்கும் எண்ணையும் கேளுங்கள். சில ஆய்வகங்கள் ஒற்றைக்கரு செல்களால் வகுக்கின்றன, சில எல்லாக் கருவுள்ள செல்களாலும். ஒரே மாதிரியில் ஒன்றில் 0.012%, இன்னொன்றில் 0.006%. 0.01% என்பது முடிவெடுக்கும் கோடு. ஒரே குழந்தை கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நிற்கும். இன்னொரு தொல்லை, 0.01 என்று எழுதியிருப்பது சதவீதமா பின்னமா? நூறு மடங்கு வித்தியாசம். வரிசையின் ஹிஸ்டோகிராம் போட்டால் இரண்டு திமில் தெரியும், தெரிந்தால் இதுதான்.

மாதிரி எடுக்கும் முறை இதையெல்லாம்விடப் பெரிது. மஜ்ஜையில் முதல் இழுப்பில் வரும் 2, 3 மி.லி. எம்ஆர்டிக்குத்தான் போக வேண்டும். நடப்பது என்ன? முதல் இழுப்பு ஸ்லைடுக்கு, இரண்டாவது குரோமோசோமுக்கு, கடைசியில் மிஞ்சிய ரத்தம் எங்களுக்கு. அதில் எம்ஆர்டி பல மடங்கு குறைவாக வரும். சிவப்பணு முன்னோடிகளும் மாஸ்ட் செல்களும் அரிதாக, முதிர்ந்த நியூட்ரோஃபில் நிறைந்திருந்தால் அது மஜ்ஜையே இல்லை. அறிக்கையில் 'ரத்தம் கலந்த மாதிரி' என்று குறிப்பு இருந்து மதிப்பு நெகட்டிவ் என்றால், அதைத் தகவல் இல்லாத மதிப்பாக எடுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறு, மீண்டெழும் மஜ்ஜையின் ஹீமட்டோகோன்கள். இளம் பி செல்கள் ப்ளாஸ்ட் மாதிரியே இருந்து பொய்யாக பாசிட்டிவ் காட்டும். அதோடு இண்டக்‌ஷனில் (முதல் கட்டச் சிகிச்சையில்) ஸ்டீராய்டால் ப்ளாஸ்டின் மேல் சிடி10 என்ற அடையாளப் புரதம் மங்கும், சிடி20 ஏறும். நோய் உறுதியான நாளில் பார்த்த அச்சையே 29-ஆம் நாள் தேடினால் தவறவிடுவோம். ப்ளினாடுமோமாப் பெற்றவர்களிடம் சிடி19 காணாமல் போயிருக்கலாம் என்பதால் சிடி22, சிடி24 வழியாக வலை போட்டதா என்று அறிக்கையில் பாருங்கள்.

கடைசியாக, ஒரே எம்ஆர்டி எண் எல்லோருக்கும் ஒரே பொருள் தராது. ஈடிவி6-ரன்எக்ஸ்1 வேகமாக வடியும், ஹைப்பர்டிப்ளாயிடியும் டி வகையும் மெதுவாக வடியும். டி வகையில் 29-ஆம் நாள் பாசிட்டிவ் என்பதற்காகப் பதற வேண்டாம். அங்கே பேசுவது 12-ஆம் வார மதிப்பு. டியூஎக்ஸ்4 வகை இன்னும் விசித்திரம்: தொடக்கத்தில் மெதுவாக வடிந்தாலும் முடிவு பொதுவாக நன்றாகவே இருக்கும்.

---

தரவுக்காரன்

மூவருக்கும் நன்றி. மெர்காப்டோப்யூரின், தண்டுவட ஊசி, சிகிச்சைப் பிரிவு மூன்றையும் தூக்கிவிட்டு 29-ஆம் நாளில் நின்று மறுபடி ஓட்டினேன். 0.74. எம்ஆர்டி முதலிடத்துக்கு வந்துவிட்டது. மாதிரியின் தரம், ஓடிய செல் எண்ணிக்கை எல்லாம் எழுத ஆரம்பித்திருக்கிறேன். மூன்றில் ஒரு மையத்தின் எம்ஆர்டி பின்னத்தில்தான் இருந்தது, திமில் தெரிந்தது!

இரண்டு பாக்கி. மெர்காப்டோப்யூரின் உண்மையிலேயே முக்கியம் என்றும் படிக்கிறேன், அதை நேர்மையாக எப்படி உள்ளே கொண்டுவருவது? 0.74 போதுமா?

---

மில்லிகிராம்

மெர்காப்டோப்யூரின் முக்கியம்தான். குப்பித் திறப்பை எலக்ட்ரானிக் மூடி வைத்து எண்ணிய ஆய்வுகளில், 95%-க்குக் கீழே விழுங்கியவர்களுக்கு ரிலாப்ஸ் அபாயம் இரு மடங்குக்கு மேல். ஆனால் மொத்த அளவை எடுக்காதீர்கள். பராமரிப்பு தொடங்கி 6-ஆம் மாத முடிவில் இன்னொரு நிற்கும் நாளை வையுங்கள். அதுவரை நோய் திரும்பாத குழந்தைகள் மட்டும். அந்த ஆறு மாதத்தில் எழுதிக் கொடுத்த அளவு, இலக்கு அளவில் எத்தனை சதவீதம் என்பதே காரணி.

அதிலும் ஒரு சிக்கல். அளவு குறைந்ததற்குக் காரணம் மரபணுவாக இருக்கலாம். இந்த மருந்தை உடலில் செயலிழக்கச் செய்யும் டிபிஎம்டி அல்லது என்யூடிடி15 மரபணுவின் இரண்டு பிரதியும் செயலிழந்த குழந்தைக்கு முழு அளவு கொடுத்தால் மஜ்ஜை படுத்துவிடும். என்யூடிடி15 விஷயத்தில் சதுர மீட்டருக்கு 10 மி.கி.-யில்தான் தொடங்கச் சொல்கிறார்கள். வழக்கமான தொடக்கம் நெறிமுறையைப் பொறுத்து 50 அல்லது 75. அந்தக் குழந்தைக்கு 10 மி.கி.யே முழு மருந்து. 'குறைவாகப் பெற்றவர்' என்று பதிந்தால் தவறு. இந்த மரபணு முடிவு இல்லாமல் அளவு வரிசைக்கு மதிப்பில்லை.

முழு அளவு எழுதியும் நியூட்ரோஃபில் 1,500-க்குக் கீழே இறங்காமல் நிற்கும் குழந்தைகளுக்கு மெட்டபொலைட் (உடலில் மருந்து மாறி உருவாகும் பொருள்) இரண்டையும் பார்த்திருப்பார்கள். தையோகுவானின், மெத்தில் இரண்டும் தாழ்ந்திருந்தால் பெரும்பாலும் மாத்திரை வயிற்றுக்குள் போகவில்லை. மெத்தில் மட்டும் உயர்ந்து தையோகுவானின் தாழ்ந்திருந்தால் உடல் மருந்தை வேறு வழியில் திருப்புகிறது. இந்த இரண்டையும் ஒரே 'எண்ணிக்கை இறங்கவில்லை' என்ற வரிசையில் போடாதீர்கள்.

அஸ்பராஜினேஸ் என்ற ஊசி மருந்தும் உண்டு. ஒவ்வாமை எதுவும் காட்டாமலே எதிர்ப்பொருள் உருவாகி மருந்தை முடக்கிவிடும்; ஊசி போட்ட பதிவு இருக்கும், வேலை நடந்திருக்காது. ஊசிக்கு ஒரு வாரத்தில் எடுத்த செயல்பாட்டு அளவு மி.லி.க்கு 0.1 அலகைத் தாண்டியதா என்பதைப் பதியுங்கள். அளக்கவே இல்லை என்றால் 'அளக்கவில்லை' என்றே இருக்கட்டும்.

---

நிகழ்தகவு

0.74 போதுமா என்று தனியாகக் கேட்டால் விடை கிடையாது. எதோடு ஒப்பிட்டு? வயது, வெள்ளணு என்ற பழைய என்சிஐ கோடும், 0.01% என்ற எம்ஆர்டி கோடும் சேர்ந்து உங்கள் தரவில் எவ்வளவு தருகின்றன என்று முதலில் பாருங்கள். அதுவே 0.72 என்றால் உங்கள் மாடலின் சம்பாத்தியம் 0.02. பிரிட்டனில் லாக் எம்ஆர்டி, வெள்ளணு, மரபணுக் கட்டு மூன்றையும் தொடர் எண்ணாக இணைத்து 2020-ல் ஒரு முன்கணிப்புக் குறியீடு வெளியிட்டார்கள். புதிதாகக் கட்டுவதைவிட அதை உங்கள் குழந்தைகள் மேல் ஓட்டி, அளவுதிருத்தம் செய்வது 46 நிகழ்வுக்கு ஏற்ற வேலை.

அளவுதிருத்தத்தை ஏயூசிக்கு முன்னால் பாருங்கள். மாடல் 20% என்று சொன்ன குழந்தைகளில் உண்மையில் சுமார் 20 பேருக்கு நான்கு பேர் திரும்பினார்களா? மையங்கள் மூன்று இருப்பதால், இரண்டில் கட்டி மூன்றாவதில் சோதித்து, சுழற்சியில் மூன்று முறையும் செய்யுங்கள். பின்ன வடிவ எம்ஆர்டி மாதிரியான குளறுபடிகள் அப்போதுதான் வெளியே வரும்.

முடிவெடுக்கும் இடத்தில் கணக்கு எப்படி இருக்கும் என்று ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். 1,000 குழந்தைகள், 100 பேருக்கு நோய் திரும்பும். மாடல் அந்த நூறில் 70 பேரைப் பிடிக்கிறது, திரும்பாத 900-ல் 85% பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. அப்படியும் 135 பேர் தவறாக மாட்டுவார்கள். 'அதிக அபாயம்' என்று கொடி கட்டிய 205 பேரில் 70 பேருக்குத்தான் நோய் திரும்பும், மூன்றில் ஒரு பங்கு. மீதி 135 குழந்தைகளுக்குத் தேவையில்லாத தீவிர மருந்து. விடுபட்ட 30 பேர் 'குறைந்த அபாயம்' என்ற பட்டியலில் உட்கார்ந்திருப்பார்கள். மருந்தைக் கூட்டவா, குறைக்கவா, எதற்கு இந்த மாடல் என்று மஜ்ஜை போன்றவர்களிடம் கேட்டுவிட்டு வெட்டுக்கோட்டை வையுங்கள். குறைப்பதற்கு என்றால் அந்த 30-தான் உங்கள் எண், ஏயூசி இல்லை.